பர்ராவும் ஜுவைரியாவும்

நண்பர் ஒருவரின் இல்லத்தில் பெண் குழந்தை பிறந்தது. அவருடைய துணைவியார் தம் பேத்திக்கு ‘ஜுவைரியா’ எனப் பெயரிட விரும்பினார். குழந்தையின் தாய்மாமன் பெயர்ப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, ‘சிறிய அடிமைப் பெண்’ என்று அதில் பொருள் போட்டிருப்பதைக் காட்டி மறுத்தார். சிற்றன்னையோ கைபேசியில் தேடி, அதன் பொருள் ‘சிறு ரோஜா’ என்று கண்டு மகிழ்ந்தார். ஏழாம் நாள் அகீகாவுக்குள் இதற்கொரு முடிவு சொல்லும்படி என்னைக் கேட்டனர். இருவர் காட்டிய பொருளும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் துணைவியருள் கதீஜா, ஆயிஷா, ஜைனப், மைமூனா ஆகியோரின் பெயர்கள் நம் ஊர்களில் கதிஜம்மா, ஆயிஷம்மா, ஜைனம்பு, மைமூன் என்று நம் நாவுக்கேற்ப உருமாறி, தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றன. ஜுவைரியா அவ்வாறு உருமாறவில்லை, வழங்கப்பட்டிருந்தால்தானே உருமாறுவதற்கு? உருது பேசுவோரிடம் அது ‘ஜவேரியா’ ஆகிப் பெருவழக்குப் பெற்றிருக்கிறது. மலாய் மொழியினரிடமும் உண்டு. நம்மிடையே அண்மைக் காலத்தில்தான் ஆங்காங்கே காதில் விழுகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அரபியில் ‘தஸ்கீர்’ எனும் சிறுமை வடிவம் உண்டு. ஹஸன் என்பதிலிருந்து ஹுஸைன் வந்தது அவ்வாறே. பூனையைக் குறிக்கும் ஹிர்ரா ‘ஹுரைரா’ ஆனதையும் நாமறிவோம். சொல்லின் முதலெழுத்தை அடுத்து நெடில் அலிஃப் நின்றால் அது ‘வாவ்’ ஆகும். ஃபாத்திமா ‘ஃபுவைத்திமா’ ஆவது போல. இவ்விதிப்படி ‘ஜாரியா’ என்பதன் சிறுமை வடிவமே ஜுவைரியா.

‘ஜாரியா’ நமக்குப் புதிய சொல்லன்று. ஸதகத்துல் ஜாரியா என்று நாளும் சொல்கிறோமே, அதே சொல்தான். ஓடுவது, தொடர்ந்து பாய்வது என்பது அதன் வேர்ப்பொருள். திருக்குர்ஆன் 69ஆம் அத்தியாயத்தில் நூஹ் நபியின் கப்பல் ‘ஜாரியா’ எனப்படுகிறது. 88ஆம் அத்தியாயத்தில் சுவனத்து நீரூற்றுக்கு அச்சொல் அடையாக வருகிறது. துள்ளி ஓடித் திரியும் பருவத்துச் சிறுமிக்கும் அரபுகள் அப்பெயரையே இட்டனர். பணிப்பெண், அடிமைப்பெண் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அரண்மனைகள் பெருகிய பிற்காலத்தில் அப்பொருளே முன்னுக்கு வந்தது. தாய்மாமன் கண்ட புத்தகம் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டது. ஜுவைரியா என்றால் ‘சின்னஞ்சிறு பெண்’, அவ்வளவே.

ரோஜாவின் கதை வேறு. அரபியில் ‘ஜூரி’ என்றொரு ரோஜா வகை உண்டு. பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியில் இருந்த ‘ஜூர்’ நகரத்தின் பெயரால் வந்தது. அந்நகரத்துப் பன்னீர் இந்தியா, சீனம் வரை சென்றதாகப் பழைய புவியியல் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். ‘ஜூரிய்யா’ என்பதிலிருந்து சிறுமை வடிவம் அமைத்தால் ஈற்றில் யகரம் அழுத்தம் பெற்று ‘ஜுவைரிய்யா’ என வரவேண்டும். ஹதீஸ் நூல்களிலோ அன்னையாரின் பெயர் அழுத்தமின்றியே காணப்படுகிறது. ரோஜா அழகிய மலர்தான். ஆனால் இப்பெயரில் அது பூக்கவில்லை.

இனி அப்பெயர் வந்த வரலாறு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (6 என்பாரும் உளர்) பனூ முஸ்தலிக் குலத்தாருடன் போர் நிகழ்ந்தது. சிறைப்பட்டோருள் குலத்தலைவர் அல்ஹாரிஸின் மகளும் இருந்தார். தாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் பங்கில் வந்த அப்பெண், குறிப்பிட்ட தொகை தந்து விடுதலை பெறுவதென அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அத்தொகைக்கு உதவி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவர் வாயிலில் வந்து நின்ற கணமே தமக்கு அது பிடிக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்களே பின்னாளில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்கள். தொகையைத் தாமே செலுத்தி மணந்துகொள்வதாக நபியவர்கள் கூற, அவர் இசைந்தார். செய்தி பரவியதும், நபியவர்களின் சம்பந்தி வீட்டாரை எப்படி அடிமைகளாக வைத்திருப்பது என்று தோழர்கள் தம்மிடமிருந்த கைதிகளை விடுவித்தனர். நூறு குடும்பத்தார் விடுதலையாயினர். தம் குலத்தாருக்கு அவரினும் பெரும் நலம் கொணர்ந்த வேறொரு பெண்ணைத் தாம் அறியவில்லை என்பதும் அதே ஆயிஷா (ரலி) அவர்களின் கூற்றே. ஆக, ‘அடிமைப் பெண்’ என்று பொருள் காட்டி ஒதுக்கப்படும் இப்பெயருக்குரியவர், நூறு குடும்பங்களின் அடிமைத்தளை அறுபடக் காரணமாயிருந்தவர்.

அவருடைய முந்தைய பெயர் ‘பர்ரா’. நற்செயல் மிக்கவள், புண்ணியவதி என்பது பொருள். நபியவர்களுக்கு அந்நியமான பெயரும் அன்று. அன்னை ஆமினாவின் தாயார் பெயர் பர்ரா. அப்துல் முத்தலிபின் மகள் ஒருவர் பெயரும் பர்ரா. ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் தரும் வரலாற்றில், ஸம்ஸம் கிணற்றைத் தோண்டுமாறு அப்துல் முத்தலிப் கண்ட கனவிலும் அக்கிணற்றுக்கு இப்பெயர் வருகிறது. இத்தனை சிறப்புடைய பெயரை நபியவர்கள் ஏன் மாற்றினார்கள்?

தீய பொருளுடைய பெயரை மாற்றியது எளிதில் விளங்கும். மாறு செய்பவள் எனப் பொருள்படும் ‘ஆஸியா’வை ஜமீலா என மாற்றினார்கள். (ஃபிர்அவ்னின் துணைவியார் பெயர் வேறு எழுத்துகளால் ஆனது, தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் எழுத்தின் இடர்ப்பாடு.) பர்ராவிலோ பொருட்குற்றம் ஏதுமில்லை. முஸ்லிமில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் காரணம் கூறுகிறார்கள்: நபியவர்கள் ‘பர்ராவிடமிருந்து வெளியேறிவிட்டார்’ என்று பிறர் சொல்ல நேர்வதை அவர்கள் விரும்பவில்லை. புண்ணியத்தை விட்டு நீங்கினார் என்றும் அத்தொடர் ஒலிக்குமன்றோ?

மற்றொரு காரணமும் உண்டு. ஜைனப் பின்த் அபீ ஸலமா (ரலி) அவர்களும் முன்பு பர்ராவே. உங்களை நீங்களே தூயோரெனப் புகழ்ந்துகொள்ளாதீர்கள், புண்ணியர் யாரென்பதை அல்லாஹ்வே நன்கறிவான் என்ற கருத்தைச் சொல்லி, நபியவர்கள் அவருக்கு ஜைனப் எனப் பெயரிட்டார்கள். இதை அவர் எப்போது வெளியிட்டார் தெரியுமா? முஹம்மத் பின் அம்ர் பின் அதா என்பார் தம் மகளுக்குப் பர்ரா எனப் பெயர் சூட்டியபோது! தாபிஈன்களின் காலத்திலும் கற்றறிந்த ஒருவர் அப்பெயரை ஆசையோடு இட்டிருக்கிறார். உயர்ந்த பொருளின் ஈர்ப்பு அத்தகையது.

பெயரைப் பொருளாக மட்டுமன்றி, அது அன்றாடப் பேச்சில் என்னவாக ஒலிக்கும் என்றும் பார்ப்பது நபிமொழிகளில் வேறிடத்திலும் உண்டு. ரபாஹ் (இலாபம்), யஸார் (எளிமை), அஃப்லஹ் (வெற்றியாளர்), நாஃபிஃ (பயன் தருபவர்) எனப் பணியாளருக்குப் பெயரிட வேண்டாம் என்பது ஸமுரா (ரலி) அவர்களின் அறிவிப்பு. ‘இலாபம் இருக்கிறதா?’ என்று கேட்க, ‘இல்லை’ என்று விடை வருமே! ஆனால் நபியவர்கள் இதைத் தடுக்க எண்ணிப் பின்னர் மௌனமாகிவிட்டார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிப்பதால், அறிஞர்கள் இதனை ஹராம் என்று கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவெனில், அந்த ரோஜா நகரத்துக்கும் இதே கதி நேர்ந்தது. ‘ஜூர்’ என்பதன் பாரசீக வடிவம் ‘கூர்’. அதற்குக் கல்லறை என்றும் பொருள். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் ஃபார்ஸை ஆண்ட புவைஹிய மன்னர் அளுதுத் தவ்லா அங்குச் செல்லும்போதெல்லாம் ‘அரசர் கல்லறைக்குப் போயிருக்கிறார்’ என்று மக்கள் கூறவே, அவர் அதனை ஃபீரூஸாபாத் என மாற்றினார். அரசர் மாற்றியது தம் ஆயுளுக்கு அஞ்சி. மதீனாவில் மாற்றப்பட்டதோ தற்புகழ்ச்சி தோன்றிவிடலாகாதென்று.

புண்ணியவதி ‘சின்னஞ்சிறு பெண்’ ஆன பின், புண்ணியம் பெயரிலிருந்து வாழ்வுக்கு இடம்பெயர்ந்தது என்றே நான் வாசிக்கிறேன். அபூதாவூதின் அறிவிப்பொன்றில் பெயர் மாற்றமும் அன்னையாரின் வணக்கமும் சேர்ந்தே வருகின்றன. சுப்ஹு வேளையில் நபியவர்கள் அவரிடமிருந்து வெளியேறியபோது அவர் தொழுமிடத்தில் இருந்தார். பகல் ஏறித் திரும்பியபோதும் அங்கேயே இருந்தார். படைப்பினங்களின் எண்ணிக்கையளவு அல்லாஹ்வைத் துதிக்கும் அந்தச் சிறிய தஸ்பீஹ் அப்போது கற்பிக்கப்பட்டதே. அவர் அறிவித்த ஹதீஸ்கள் ஏழு என்பர். மறைவு ஹிஜ்ரி 50 எனவும் 56 எனவும் இருவேறாகச் சொல்லப்படுகிறது.

இன்னொரு செய்தி தாய்மாமனுக்கு வியப்பளித்தது. ஹிஜ்ரி 173இல் மறைந்த பஸராவின் ஹதீஸ் அறிவிப்பாளர் ஒருவர் பெயர் ஜுவைரியா பின் அஸ்மா. அவர் ஆண், அஸ்மா அவருடைய தந்தை! அவர் ஹதீஸ் கேட்ட ஆசிரியர்களுள் ஒருவரோ, வேண்டாமெனச் சொல்லப்பட்ட அதே பெயருடைய, இப்னு உமர் (ரலி) அவர்கள் விடுதலை செய்த நாஃபிஃ.

அகீகா அன்று குழந்தைக்கு ஜுவைரியா என்றே பெயரிட்டார்கள். பிறப்புச் சான்றுக்கு எழுதித் தரும்போது, ‘ய்’ ஒன்று கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி பாட்டியார் இரண்டு முறை சொன்னார்.