வைடூரியம் போன வழி

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் படியூர் இருக்கிறது. அங்கே வெட்டியெடுத்த கல்லுக்கு இன்று பெரில் என்று பெயர். ரோமானிய அறிஞர் பிளினி அந்த இனக் கல்லைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். இந்தியாவில் கிடைப்பது, வேறெங்கும் அரிது. கடல்நீரின் பச்சை கொண்டதே உயர்ந்தது என்கிறார். தீட்டுவோர் அதை ஆறு பட்டையாக்குகிறார்களாம். அது பாதி உண்மை. மண்ணுக்குள்ளேயே அறுகோணத் தூணாக வளரும் படிகம் அது. இந்தியர்கள் பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிக்கல் செய்கிறார்கள் என்றும் குறைப்படுகிறார். சாயத்தில் நம்மவர் கைவரிசை அன்றே பேர்போனது போலும்!

இதெல்லாம் உள்ள நூலை அவர் முடித்தது கி.பி. 77-இல். 79-இல் வெசூவியஸ் வெடித்துப் பொம்பெயி நகரம் சாம்பலில் புதைந்தது. மிசேனம் கடற்படைக்குத் தலைவராக இருந்த பிளினி, மக்களை மீட்கக் கப்பலேறிப் போய் ஸ்டேபியே கரையில் இறந்தார்.

பெரில் என்ற பெயருக்கு வருவோம். கிரேக்கத்தில் 'பேரில்லோஸ்', அதற்கு மூலம் பிராகிருத 'வேருளிய', பாலியில் 'வேளுரிய', வடமொழியில் 'வைடூர்ய'. விதூரம் என்ற ஊரால் வந்த பெயர் என்றார் இலக்கண ஆசிரியர் பாணினி. கல் விளைவது வேறிடம், விதூரத்தில் தீட்டத்தான் செய்கிறார்கள் என்று பதஞ்சலி விளக்க வேண்டியிருந்தது. வேளூர் என்ற தென்னாட்டுப் பெயரோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. எனக்கும் ஆசைதான், சான்று போதாது.

தீட்டும் ஊருக்கோ சான்று நொய்யல் கரையிலேயே இருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம், இன்றைய கொடுமணல். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பெரில், நீலம், சூதுபவளம், பாதி வேலையில் நின்ற மணிகள், கழிவுச் சில்லுகள் கிடைத்தன.

மேற்கே போன சொல் மூக்குக் கண்ணாடியில் ஏறியது. ஜெர்மானியர் அதை 'பிரில்லெ' என்பது, பெரிலைத் தேய்த்து வில்லை செய்த காலத்தின் மிச்சம். இங்கே நின்ற சொல்லோ கல்லை மாற்றிக்கொண்டது. இன்று நகைக்கடையில் வைடூரியம் கேட்டால் கேதுவுக்குரிய பூனைக்கண் கல்லைத்தான் எடுத்து வைப்பார்கள். அது கிரைசோபெரில், பெயரில் பெரில் உண்டு, கனிமம் வேறு. ஆனாலும் 1798-இல் வோக்லின் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பெரிலில் கண்டறிந்த பெரிலியம் இரண்டு கல்லிலும் இருக்கிறது.