பிடிப்பாளர் திறன் மதிப்பீடு (அடிபந்தாட்டம்)

அடிபந்தாட்டத்தில் பிடிப்பாளர் திறன் மதிப்பீடு என்பது, மட்டையாளருக்குப் பின்னால் குந்தி அமர்ந்து எறிவாளரின் பந்தைப் பிடிக்கும் இளம் ஆட்டக்காரரின் இன்றைய ஆற்றலையும் பிற்கால வளர்ச்சியையும் கணிக்கும் முறையாகும். பேஸ்பால் என்று பரவலாக அறியப்படும் இவ்விளையாட்டில் பிடிப்பாளர் கேட்சர் என அழைக்கப்படுகிறார். தடுக்கும் அணியின் ஒன்பது பேரில் ஆடுகளம் முழுவதையும் எதிர்நோக்கி இருப்பவர் இவர் ஒருவரே. எறிவாளரின் வேகத்தை ரேடார் கருவி உடனே காட்டிவிடும். பிடிப்பாளரின் வேலையில் அவ்வாறு எளிதில் அளக்கத்தக்க பகுதி சிறிது.

அளவுகோல்

அமெரிக்காவில் ஸ்கவுட் எனப்படும் திறன் தேடுநர்கள் 20 முதல் 80 வரையான அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர். இதில் 50 என்பது மேஜர் லீக் ஆட்டக்காரரின் சராசரி நிலை. ஒவ்வொரு திறனுக்கும் இன்றைய நிலை, எதிர்பார்க்கப்படும் நிலை என இரு எண்கள் தரப்படுகின்றன. பதினேழு வயதினர் ஒருவருக்கு இரண்டாவது எண் பெரிதும் ஊகமே.

எறிதல் நேரம்

எறிவாளர் பந்தை எறியும் வேளையில் முதல் தளத்தில் நிற்கும் ஓட்டக்காரர் இரண்டாம் தளத்துக்கு ஓடிவிட முயல்வது தளத் திருட்டு எனப்படும். அதைத் தடுக்கப் பிடிப்பாளர் சுமார் 38.8 மீட்டர் தொலைவுக்குப் பந்தை எறியவேண்டும். பந்து அவரது கையுறையில் பட்ட கணம் முதல் இரண்டாம் தளத்தில் உள்ள தடுப்பாளரின் கையுறையை அடையும் கணம் வரையான நேரம் 'பாப் டைம்' எனப்படுகிறது. மேஜர் லீக்கில் இதன் சராசரி ஏறத்தாழ 2.0 விநாடி, 1.9 விநாடி மிகச் சிறந்தது. வேறுபாடு சிறியதாகத் தோன்றினும், விநாடிக்கு எட்டு மீட்டர் ஓடுபவர் 0.1 விநாடியில் 0.8 மீட்டர் கடந்துவிடுவார்.

இந்நேரத்தில் கைவலுவின் பங்கு ஒரு பகுதியே. பந்தைக் கையுறையிலிருந்து வெறுங்கைக்கு மாற்றுவதும் காலடியைச் சரிசெய்வதும் எஞ்சிய பகுதி. கைவலு ஓரளவு இயற்கையாக அமைவது. காலடியைப் பயிற்சியால் திருத்தலாம். ஆகவே 2.2 விநாடி எடுக்கும் இரு சிறுவர்களில் வலுவான கையும் தடுமாறும் காலும் உடையவரே பெரும்பாலும் விரும்பப்படுகிறார்.

தேர்வு முகாம்களில் பதிவாகும் நேரங்களை அப்படியே நம்புவதற்கில்லை. அங்கு மட்டையாளர் இடையில் நிற்பதில்லை. எறியப்போவதை முன்னரே அறிந்த சிறுவன் பந்து வருமுன் எழத் தொடங்கிவிடுகிறான். எறிதல் வந்தடையும் இடத்தையும் நிறுத்து கடிகாரம் காட்டாது. நேராகத் தளத்தின் மேல் வந்த 2.1, இரண்டு அடி விலகி வந்த 1.9 ஐவிடப் பயனுள்ளது.

பந்தைத் தடுத்தலும் ஏற்றலும்

தரையில் பட்டுவரும் பந்தைப் பிடிக்க முயல்வது புதியவர்களின் வழக்கமான பிழை. முழங்கால்களைத் தரையில் ஊன்றி, கையுறையால் கால்களின் இடைவெளியை மூடி, மோவாயைத் தாழ்த்தி, மார்பில் பட்டுப் பந்து முன்னால் விழும்படி செய்வதே முறை. கண்ணை மூடாமலும் முகத்தைத் திருப்பாமலும் இருக்கிறாரா என்பதை அனுபவம் வாய்ந்த தேடுநர்கள் முதலில் கவனிப்பர்.

எல்லையோரப் பந்தை அசைவின்றி ஏற்று, நடுவர் அதை 'ஸ்ட்ரைக்' என அறிவிக்கச் செய்யும் திறன் 'பிரேமிங்' எனப்படுகிறது. நெடுங்காலம் இது கண்ணால் மட்டுமே மதிப்பிடப்பட்டது. பந்தின் பாதையைப் பதியும் ஒளிப்படக் கருவிகள் 2007 அளவில் பரவலான பின்னர், 2011 இல் மைக் பாஸ்ட் வெளியிட்ட ஆய்வு இதன் மதிப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிது எனக் காட்டியது. 2026 பருவம் முதல் மேஜர் லீக்கில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கருவியிடம் முறையிடும் வசதி நடைமுறைக்கு வந்துள்ளது. முறையிடும் உரிமை எறிவாளர், பிடிப்பாளர், மட்டையாளர் ஆகிய மூவருக்கு மட்டுமே உண்டு. இதனால் எல்லையைச் சரியாகக் கணிக்கும் கண்ணும் பிடிப்பாளரின் திறன்களில் ஒன்றாகியுள்ளது.

தவறிய கணிப்புகள்

மைக் பியாசா 1988 இல் 62 ஆவது சுற்றில், 1,390 ஆவது ஆளாகத் தேர்வானார். அதுவும் குடும்ப நண்பரான பயிற்சியாளர் டாமி லசோர்டாவின் பரிந்துரையால். முதல் தள ஆட்டக்காரரான அவர் பிடிப்பாளராக மாற்றப்பட்டார். 2016 இல் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். மறுபுறம், குராசோ தீவின் கென்லி ஜான்சன் பிடிப்பாளராக ஒப்பந்தமாகி, மட்டைவீச்சு போதாமையால் 2009 இல் எறிவாளராக மாறி அதில் சிறந்தார்.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் அறியப்பட்ட திறன் தேடல் 2008 இல் முடிவடைந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியாகும். அதில் அளக்கப்பட்டவை எறிதலின் வேகமும் துல்லியமுமே. தேர்வான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிதல் வீரர்கள். அவ்வாண்டு நவம்பரில் பிட்சுபர்க் பைரேட்சு அணியுடன் ஒப்பந்தமாயினர்; எனினும் இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. இதையொட்டி 2014 இல் வெளியான திரைப்படத்துக்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். பிடிப்பாளரைத் தேடி இத்தகைய போட்டி நடத்துவது எளிதன்று. ஆட்டம் அறியாத ஒருவரிடம் வேகத்தை அளக்கலாம், ஆட்ட அறிவை அளக்க இயலாது.

அரியலூர் மாவட்டத்தின் ஆலத்தியூர் போன்ற ஊர்களில் இதற்கு அண்மையான திறனைத் துடுப்பாட்ட விக்கெட் காப்பாளரிடமே தேடவேண்டும். வேகப் பந்துக்கு அஞ்சாத கண்ணும் நெடுநேரம் குந்தி எழும் கால்களும் இருவருக்கும் பொது. ஆனால் விக்கெட் காப்பாளர் பந்தை இரு கைகளாலும் உடலை நோக்கி இழுத்து வாங்குகிறார். பிடிப்பாளர் ஒற்றைக் கையுறையில் அசையாமல் நிறுத்துகிறார். பந்து எழும்போது உடன் எழும் பழக்கத்தையும் விடவேண்டும். இடக்கையால் எறிபவர்க்கு இவ்விடம் பெரும்பாலும் மறுக்கப்படுகிறது. மேஜர் லீக்கில் 1989 இல் பென்னி டிஸ்டெபானோ அவ்வாறு ஆடியுள்ளார்.

முதற்கட்டச் சோதனைக்கு அடிபந்தாட்டத் திடல் தேவையில்லை. பள்ளி மைதானத்தில் 38.8 மீட்டர் அளந்து இரு குச்சிகள் நட்டு, குந்திய நிலையிலிருந்து பத்து முறை எறியச் செய்து, நிறுத்து கடிகாரத்தால் நேரத்தையும் நாடாவால் விலகலையும் குறிக்கலாம். சிறந்த ஓர் எறிதலைவிடப் பத்தின் சராசரியும் கடைசி மூன்றின் தளர்ச்சியும் கூடுதலாகச் சொல்லும். தரையில் பட்டு எழும் பந்துகளை முகக்கவசமும் மார்புக்கவசமும் இன்றிச் சோதிக்கக் கூடாது.