ஜாய்ஸ்டிக்கும் ஒரு மில்லி விநாடியும்

ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? 1977இல் அடாரி வீடியோ கேமுடன் வந்ததில் நான்கு திசைக்கு நான்கு ஸ்விட்ச், சுடுவதற்கு ஒரு பட்டன். எந்தப் பக்கம் சாய்த்தோம் என்று சொல்லும். எவ்வளவு சாய்த்தோம் என்று சொல்லாது. விமானம் ஓட்டுகிற விளையாட்டுக்கு அது போதாதே!

1981இல் ஐபிஎம் தன் பிசிக்குத் தனியாக விற்ற கேம் அடாப்டர் கார்டு வேறு வழியில் போனது. ஜாய்ஸ்டிக்குக்குள் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள். ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல்தான், வேறொன்றுமில்லை. அந்த ரெசிஸ்டன்ஸை அளக்க அனலாக்-டிஜிட்டல் கன்வெர்ட்டர் எதுவும் வைக்கவில்லை. கார்டில் ஒரு 558 டைமர் சிப், சில கபாசிட்டர்கள். ரெசிஸ்டன்ஸ் வழியாகக் கபாசிட்டர் சார்ஜ் ஆகி முடியும்வரை புரோகிராம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும். 100 கிலோ ஓம் என்றால் சுமார் 1.1 மில்லி விநாடி. எண்ணி வந்த தொகைதான் குச்சி நிற்கும் இடம். ரேடியோ ரிப்பேரில் கை பழகிய எனக்கு இந்தச் சிக்கனம் இன்றும் பிடிக்கும்.

ஆனால் எண்ணுகிற நேரத்தில் பிசிக்கு வேறு வேலை ஓடாது. 4.77 மெகாஹெர்ட்ஸில் வந்த தொகை, வேகமான 286இல் கூடிவிடும். அதனால்தான் ஆட்டம் தொடங்குமுன் குச்சியை மூலைக்குத் தள்ளிப் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். யூஎஸ்பி வந்தபின் அளக்கும் வேலை ஜாய்ஸ்டிக்குக்குள்ளேயே போய்விட்டது.