பாலைவனத்தில் ஒரு பனித்தரை: அரிசோனா அணியின் 28 வருடக் கணக்கு

ஸ்காபரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகனுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பெடியன். வட்ஸ்அப்பில் முகம் காட்டும்போதெல்லாம் 34ஆம் இலக்கம் போட்ட நீலச் சட்டையோடுதான் வருவான். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஒஸ்ரன் மத்யூஸினுடைய இலக்கம் அது. "பனி கொட்டுற ஊர்ப் பெடியன் போல" என்று நான் ஒருமுறை சும்மா சொல்லிவைக்க, "இல்லை சித்தப்பா, அவர் அரிசோனாவில வளந்தவர். டெசர்ட்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அவர் சின்னனில பார்த்த டீம் இப்ப இல்லை" என்றும் சொன்னான்.

ஒரு அணி எப்படி இல்லாமல் போகும்? அதைத் தேடப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

அந்த அணி அரிசோனா கயோட்டீஸ். 2024 ஏப்ரல் 17ஆம் திகதி எட்மன்ரன் அணியை 5–2 என்று வென்றது. அடுத்த நாள் அதன் ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் யூட்டா மாநிலத்துக் கோடீஸ்வரர் ஒருவருக்கு விற்கப்பட்டது உறுதியானது. பாலைவனத்தில் ஐஸ் ஹொக்கி எங்கே எடுபடப் போகிறது என்று சிரித்துவிட்டுப் போகலாம். நானும் முதலில் சிரித்தேன். நீதிமன்றச் செய்திகளையும் நகரசபை வாக்கெடுப்புகளையும் வருட வரிசையில் வைத்து வாசித்த பிறகு சிரிப்பு வரவில்லை. வெயிலைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றுமே இல்லை. முழுக்கக் கட்டடமும் காணியும் வரிப்பணமும்தான்.

எங்கள் பாடசாலைகளில் ஹொக்கி என்றால் புல்தரையில் ஆடுவது. வட அமெரிக்காவில் அது பனித்தரை ஆட்டம். தேசிய ஹொக்கி லீக் என்ற அமைப்பில் இன்று 32 அணிகள் இருக்கின்றன. ஏழு கனடாவில், மிச்சம் அமெரிக்காவில். 1988இல் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்ரனில் இருந்து லொஸ் ஏஞ்சலிஸுக்கு விற்கப்பட்டார். பனியே இல்லாத ஊரிலும் ரிக்கெட் விற்கலாம் என்று லீக் கண்டுகொண்டது அப்போதுதான். 1993இல் கரி பெற்மன் லீக்கின் தலைவராக வந்தார். தெற்கு நோக்கிய ஓட்டம் வேகமெடுத்தது.

வின்னிபெக் நகரம் அதில் அடிபட்டது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் அமெரிக்க டொலரில். வாசலில் வசூலாவது கனேடிய டொலரில். கனேடிய டொலர் சரியச் சரிய அந்த இடைவெளி அகன்றது. 1995இல் அணியைக் காப்பாற்ற ஊரே பணம் சேர்த்தது. சிறுவர்கள் உண்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போதவில்லை. 1996இல் வின்னிபெக் ஜெற்ஸ் அணி பீனிக்ஸ் நகருக்குப் போய் கயோட்டீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கயோட்டி என்பது அந்தப் பாலைவனத்து ஓநாய் இனம்.

பீனிக்ஸில் அவர்கள் இறங்கியது கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கில். ஹொக்கித் தரை அதைவிட நீளம். அதனால் மேல்தட்டின் ஒரு பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கோல் கம்பமே தெரியாது. அந்த ஆசனங்களை மலிவு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. வாடகைக் குடியிருப்பாளருக்கு அரங்கின் மற்ற வருமானங்களிலும் பெரிய பங்கில்லை. காசுள்ள இரசிகர்கள் அதிகம் இருந்த ஸ்கொட்ஸ்டேலில் சொந்த அரங்கு கட்டும் திட்டம் இழுபட்டுக் கைவிடப்பட்டது. அப்போதைய உரிமையாளரும் காணி அபிவிருத்தியாளருமான ஸ்டீவ் எல்மன், பெருநகரின் எதிர்ப்பக்கத்தில் இருந்த கிளென்டேல் நகரோடு பேசினார். சுமார் இரண்டேகால் இலட்சம் மக்கள் வாழும் அந்த நகரம் ஏறத்தாழ 180 மில்லியன் டொலர் கடன்பட்டு அரங்கு கட்டிக் கொடுத்தது. 2003 டிசம்பரில் அணி அங்கே குடிபோனது. அரங்கைச் சுற்றிக் கடைத்தொகுதி வரும், அதன் வரியில் கடன் அடையும் என்பது கணக்கு. 2008இல் அமெரிக்காவின் வீட்டுச் சந்தை சரிந்தது. அரிசோனா அதில் மோசமாக அடிபட்ட மாநிலங்களில் ஒன்று. இரசிகர்களுக்கோ, வேலை முடிந்து வாகன நெரிசலில் நகரைக் குறுக்கறுத்துப் போய் ஆட்டம் பார்ப்பது ஒரு தண்டனை.

இந்த விளையாட்டின் பொருளாதாரத்தில் ஒரு வினோதம் இருக்கிறது. அமெரிக்கக் காற்பந்தில் தொலைக்காட்சிப் பணமே ஒரு அணிக்குச் சோறு போடும். ஹொக்கிக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. ஒரு பருவத்தில் சொந்த ஊரில் நடக்கும் 41 ஆட்டங்களின் வாசல் வசூல்தான் முதுகெலும்பு. 2004–05 பருவம் முழுவதும் தொழில் தகராறால் கைவிடப்பட்ட பின், சிறிய அணிகளைக் காப்பாற்ற என்று சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். முதல் வருடம் அது 39 மில்லியன் டொலர். உச்சவரம்போடு ஒரு அடிவரம்பும் வந்தது: இதற்குக் குறைவாக எந்த அணியும் கணக்குக் காட்டக் கூடாது. இரண்டும் லீக்கின் மொத்த வருமானத்தோடு சேர்ந்து ஏறும். ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் ரிக்கெட் விலை ஏற, அரிசோனாவின் கட்டாயச் செலவும் ஏறியது. 2023–24இல் அடிவரம்பு 61.7 மில்லியன். உச்சவரம்பு தொடங்கிய தொகையைவிட அது எவ்வளவு மேலே போய்விட்டது பாருங்கள். வருமானப் பகிர்வு என்று ஒன்று இருந்தாலும் அது ஓட்டையை அடைக்கவில்லை.

அதனால் அரிசோனா ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. விளையாடாதவர்களை வாங்கியது! கிறிஸ் புரொங்கர் 2011 நவம்பரில் காயப்பட்ட பின் பனித்தரையில் இறங்கவே இல்லை. 2015இல் அவருடைய ஒப்பந்தத்தை அரிசோனா வாங்கியது. கணக்கேட்டில் வருடம் 4.9 மில்லியன், கையால் கொடுக்க வேண்டியதோ 575,000 டொலர். அதே வருட நவம்பரில் அவர் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, ஏட்டின்படி அவர் கயோட்டீஸ் ஆட்டக்காரர். அடுத்த வருடம் பவெல் டட்சுக். அவர் ரஷ்யாவுக்கே திரும்பிப் போய்விட்டார். அரிசோனா அவருக்கு ஒரு சதம்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் 7.5 மில்லியன் கணக்கில் நின்றது. அடிவரம்பு காகிதத்தில் நிறைந்தது. இரசிகர்கள் பார்க்கக் காசு கொடுத்த அணியில் அவர்கள் இல்லை.

வங்குரோத்து என்ற சொல்லுக்கு 2022க்குப் பிறகு எங்கள் வீடுகளில் விளக்கம் தேவையில்லை. கயோட்டீஸ் அணியை அப்போதைய உரிமையாளர் ஜெரி மொயஸ் 2009 மே மாதம் வங்குரோத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். பிளக்பெரி நிறுவனத் தலைவர்களில் ஒருவரான ஜிம் பால்சிலி 212.5 மில்லியன் டொலருக்கு வாங்கி, ரொறன்ரோவுக்கு அருகே ஹமில்டனுக்குக் கொண்டுபோகத் தயாராக நின்றார். லீக் எதிர்த்தது. எந்த ஊரில் யார் ஆடுவது என்பதை லீக்தான் தீர்மானிக்கும், வங்குரோத்தைக் காட்டி வேலி பாய முடியாது என்பது அவர்கள் வாதம். நீதிபதி ரெட்ஃபீல்ட் பாம் பால்சிலியின் கேள்வியை நிராகரித்தார். கடைசியில் லீக்கே 140 மில்லியனுக்கு அணியை வாங்கியது. பயிற்றுநராகவும் பங்காளராகவும் இருந்த கிரெட்ஸ்கி விலகிப் போனார். அவருக்கு வர வேண்டிய காசும் கடன்காரர் பட்டியலில் நின்றது.

அணி ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்று கிளென்டேல், அரங்கை நடத்தும் செலவுக்காக லீக்குக்கு வருடம் 25 மில்லியன் வீதம் இரண்டு பருவங்கள் கொடுத்தது. 2012இல் அந்த நகரம் விற்பனை வரியை உயர்த்தியது. அதே வருடம், உரிமையாளர் இல்லாத அந்த அணி மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை போனது. 28 வருடத்தில் அவர்களுடைய மிகச் சிறந்த ஓட்டம் அதுதான். வின்னிபெக்கில் தொடங்கி 21 பருவங்கள் ஒரே அணியில் ஆடிய ஷேன் டோன் அப்போது தலைவர். அந்த மாதங்களில் அரங்கு நிறைந்தது. நல்ல ஆட்டம் காட்டினால் பாலைவனத்திலும் சனம் வரும்.

இந்த இடத்தில் என் சொந்த அக்கறையையும் சொல்லிவிடுகிறேன். லங்கா பிரீமியர் லீக்கின் முதல் ஐந்து தொடர்களில் நான்கில் கிண்ணம் வென்றது யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி. அந்த ஐந்திலும் ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு வேலை தொடங்கியபோது எங்கள் ஆட்கள் சந்தோஷப்பட்டது எனக்கு விளங்குகிறது. எனக்கும் சந்தோஷம்தான். கட்டி முடித்த பிறகு வருடத்தில் எத்தனை நாள் ஆட்டம், மிச்ச நாள் மின்சாரக் கட்டணம் யார் தலையில் என்று கேட்டால் மட்டும் துரோகி மாதிரிப் பார்க்கிறார்கள். சூரியவெவவில் காட்டுக்கு நடுவே கட்டியது எப்படிக் கிடந்தது என்று தெரிந்தும்தான்.

கிளென்டேலில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். 2013இல் புதிய உரிமையாளர்களுக்கு 15 வருடத்தில் 225 மில்லியன் கொடுக்கும் ஒப்பந்தம் சபையில் 4–3 என்று ஒரே வாக்கில் தப்பியது. இரண்டே வருடத்தில் அதே சபை ஒப்பந்தத்தை இரத்துச் செய்ய வாக்களித்தது. பிறகு குறுகிய காலக் குத்தகைகள். 2019இல் அலெக்ஸ் மெருவேலோ அணியை வாங்கினார். 2021 ஓகஸ்டில், இனிக் குத்தகை நீடிக்காது, பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு அரங்கைக் கொடுக்கப் போகிறோம் என்று நகரம் அறிவித்தது. டிசம்பரில், சுமார் 1.3 மில்லியன் வரிப் பாக்கியைக் கட்டாவிட்டால் கதவைப் பூட்டுவோம் என்று அறிவித்தல் போனது. கட்டினார்கள்.

2022இல் உலகின் முதல்தர ஹொக்கி லீக்கின் அணி ஒன்று, ரெம்பியில் உள்ள பல்கலைக்கழக அரங்குக்குக் குடிபோனது. ஆசனங்கள் 5,000கூட இல்லை. மற்ற அணிகளுக்கு 17,000, 18,000. தற்காலிகம் என்றார்கள். ரெம்பியில் பழைய குப்பை மேடொன்றில் 2.1 பில்லியன் டொலர் செலவில் அரங்கும் விடுதிகளும் கட்டத் திட்டம் போட்டார்கள். 2023 மே 16 அன்று ஊர்மக்கள் வாக்களித்தார்கள். மூன்று பிரேரணைகளும் தோற்றன. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து ஊர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அவர்கள்.

பிறகு விற்பனை. யூட்டாவின் ரயன் ஸ்மித் கொடுத்தது 1.2 பில்லியன் டொலர். அதில் ஒரு பில்லியன் மெருவேலோவுக்கு. 200 மில்லியன் மற்ற அணிகளின் உரிமையாளர்களுக்கு. 2009இல் 140 மில்லியனுக்கு வாங்கப்பட்டு, பெரும்பாலும் நட்டத்தில் ஓடிய அணி அது. அரிசோனாவில் மீண்டும் ஒரு அணியை எழுப்பும் உரிமை மெருவேலோவிடம் விடப்பட்டது. அரங்குக்கு அவர் நம்பியிருந்த அரச காணி ஏலம் ஜூனில் இரத்தானதும் அதையும் கைவிட்டார். கிளென்டேல் மக்கள் கட்டிய வரியும், பருவ ரிக்கெட் எடுத்தவர்களின் 28 வருடமும் அந்த 1.2 பில்லியனில் எந்த வரியிலும் இல்லை.

பாரம்பரியம் இல்லாத ஊர் என்பதுதான் காரணம் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு: புளோரிடாவின் ரம்பா பே மூன்று தடவை கிண்ணம் வென்றது. மினசோட்டாவில் இருந்து 1993இல் போன டலஸ் அணி, புறநகர்களில் பிள்ளைகளுக்காகப் பனித்தரைகள் கட்டி 1999இல் வென்றது. லாஸ் வேகாஸும் பாலைவனம்தான். 2017இல் தொடங்கி 2023இல் கிண்ணம். பனியிலேயே பிறந்த கியூபெக்கும் வின்னிபெக்கும் மினசோட்டாவும் அணியை இழந்தவை. அட்லாண்டா இரண்டு தடவை இழந்தது. இரண்டாவது அணியின் உரிமையாளர்கள் தங்களுக்குள்ளேயே வருடக்கணக்காக வழக்காடினார்கள். கூடைப்பந்து அணியை வைத்துக்கொண்டு ஹொக்கியை 2011இல் விற்றார்கள். வாங்கியது யார்? வின்னிபெக். பதினைந்து வருடம் காத்திருந்த ஊரில் பருவ ரிக்கெட்டுகள் பொதுவிற்பனைக்கு வந்து சில நிமிடங்களில் தீர்ந்தன.

மத்யூஸ் 2016இல் லீக்கின் முதல் தெரிவாக ரொறன்ரோவுக்குப் போனார். 2023–24 பருவத்தில் 69 கோல் போட்டார். அவர் பனித்தரையைக் கண்டது கயோட்டீஸ் பீனிக்ஸுக்கு வந்ததால். எங்கள் பெடியனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப யூட்டாவில ஓகேயா?" என்று கேட்டான்.

சோல்ட் லேக் சிற்றியில் ஆட்கள் நிறையவே வருகிறார்கள் என்று சொன்னேன். புதிய பெயர் மமத். அங்கே நகரசபை 2024 ஒக்டோபரில் விற்பனை வரியை அரை வீதம் கூட்டியிருக்கிறது. அரங்கையும் சுற்றியுள்ள பகுதியையும் திருத்த 900 மில்லியன் டொலர்வரை அதிலிருந்து எடுக்கலாம். அணி இறங்கியிருப்பது கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கில். முதல் பருவத்தில், மேல்தட்டின் சில ஆசனங்களில் இருந்தவர்களுக்கு ஒரு கோல் கம்பம் தெரியவில்லை.