மோல்: இறால் கவுண்ட்டும் அணுக் கணக்கும்

மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு. அணு, மூலக்கூறு, அயனி என எதுவாக இருந்தாலும் 6.02214076 × 10²³ துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி. 'கோடி' மூன்று முறை வந்திருப்பது அச்சுப்பிழை அல்ல.

இவ்வளவையும் யார் எண்ணுவது? யாரும் எண்ணுவதில்லை, எடை போடுகிறார்கள். அந்த வித்தை பழவேற்காடு ஏரிக்கரைக்குப் புதிதல்ல. ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் பசியாவரம் போன்ற மீனவர் ஊர்களுக்கு இறால்தான் காசு தரும் சரக்கு. இறால் வியாபாரத்தில் விலையை முடிவுசெய்வது 'கவுண்ட்'. ஒரு கிலோவில் 40 இறால் நின்றால் அது 40 கவுண்ட்; 30 நின்றால் 30 கவுண்ட், அதற்கு விலை கூடுதல். எண் இறங்க இறங்க இறால் பெரிது. கவுண்ட் தெரிந்துவிட்டால் கூடையைக் கொட்டி எண்ண வேண்டியதில்லை. 40 கவுண்ட்டில் 12 கிலோ என்றால் 480 இறால்.

இறால்காரர் எடையை ஒரு கிலோவில் நிறுத்திவைத்து, எத்தனை என்று கேட்கிறார். வேதியியலார் இதைத் திருப்பிப் போட்டார்கள்: எண்ணிக்கையை ஒரு மோலில் நிறுத்திவைத்து, எத்தனை கிராம் என்று கேட்டார்கள். ஒரு கவுளி வெற்றிலை என்றால் 100. கொழுந்தானால் எடை குறையும், முற்றியதானால் கூடும், எண்ணிக்கை மாறாது. மோலும் அப்படித்தான். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஒரு வாய்கூட நிரம்பாது. ஒரு மோல் சாப்பாட்டு உப்பு 58.44 கிராம், ஒரு கைப்பிடி. ஒரு மோல் வெள்ளி 107.87 கிராம்.

கவுண்ட்டில் ஒரு சங்கடம் உண்டு. 40 கவுண்ட் இறாலின் சராசரி எடை 25 கிராம். ஆனால் கூடைக்குள் 22 கிராமும் இருக்கும், 28 கிராமும் இருக்கும். அணுக்களிடம் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்பவர் குளோரினைப் பார்க்க வேண்டும். அதன் அணு நிறை 35.45. அந்த எடையில் உலகில் ஒரு குளோரின் அணுகூடக் கிடையாது. குளோரின்-35, குளோரின்-37 என்ற இரண்டு ஐசோடோப்புகள் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பாடப்புத்தகம் தருவது அந்தக் கலவையின் சராசரியை.

சம வெப்பநிலையிலும் சம அழுத்தத்திலும் ஒரே கொள்ளளவுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே என்று இத்தாலியர் அவகாட்ரோ 1811-இல் சொன்னார். எத்தனை என்பது அவருக்குத் தெரியாது. அந்த எண்ணிக்கையை அறிய வழிதரும் மூலக்கூறின் பருமனை 1865-இல் முதன்முதலாக ஓரளவு கணித்தவர் லோஷ்மிட். 1909-இல், ஒரு மோலில் எத்தனை துகள்கள் என்ற எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சுக்காரர் ழான் பெர்ரின். 'மோல்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்வால்ட் நெடுநாள் அணு என்ற ஒன்றையே நம்பாதவர் என்பது வேடிக்கை.

1971-இல் மோல் சர்வதேச அடிப்படை அலகுகளில் ஒன்றானது. அப்போதைய வரையறையில் நிலையாக நின்றது எடைதான்: 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை. அந்த எண்ணைத் துல்லியமாக அறிய, சிலிக்கான்-28ஆல் ஒரு கிலோ எடையில் மாசற்ற உருண்டைகளைச் செய்து, படிகத்துக்குள் அணுக்கள் நிற்கும் இடைவெளியை எக்ஸ் கதிரால் அளந்தார்கள். 2019 மே 20 முதல் எண்ணே வரையறை ஆயிற்று. ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டில் படித்தவர்கள் வாயில் இன்னமும் 6.023 என்றுதான் வரும்; பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருந்தது.

இந்தக் கணக்கு பழவேற்காட்டுத் தண்ணீருக்குள்ளும் இறங்கும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் குளோரைடு மட்டும் 19 கிராமுக்குச் சற்று மேல். எடையைப் பார்த்தால் குளோரைடுக்குத் தண்ணீர் ஐம்பது மடங்கு. எண்ணிக்கையில் கதை வேறு: ஒரு குளோரைடு அயனிக்குச் சுமார் 98 நீர் மூலக்கூறுகள்.

உப்பின் அளவை ஆய்வகத்தில் காணும் பழைய வழியே எண்ணுகிற வழிதான். தண்ணீரில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு இறங்கும். ஒரு வெள்ளி அயனி ஒரு குளோரைடு அயனியைப் பிடித்துக்கொள்கிறது. ஒருவருக்கு ஒருவர், அதற்கு மேல் கிடையாது. 107.87 கிராம் வெள்ளி, 35.45 கிராம் குளோரினோடு கணக்கைத் தீர்த்துக்கொள்வது அதனால்தான். கிராம் பொருந்தாது, மோல் பொருந்தும். குளோரைடு தீர்ந்ததும் மிஞ்சும் வெள்ளி, முன்பே கலந்து வைத்த பொட்டாசியம் குரோமேட்டோடு சேர்ந்து செங்கல் நிறம் காட்டும். அங்கே சொட்டு விடுவதை நிறுத்திவிட வேண்டும்.

கோடையில் முகத்துவாரம் மணல்மூடி அடைபட்டால் ஏரி கடலைவிட உவர்த்துப்போகும். செங்கல் நிறம் தட்டக் கரைசல் நிறையச் செலவாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறு புதுத்தண்ணீரைக் கொண்டுவந்து தள்ளும்போது, அதே அளவு ஏரி நீருக்குக் கொஞ்சம் சொட்டுகளே போதும்.