வெள்ளியும் மருந்தும் சேர்ந்த கதை

தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதன் பெயரிலேயே இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன: ஒன்று வெள்ளி, மற்றது சல்ஃபா வகை மருந்து. 1968இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஃபாக்ஸ் இரண்டையும் இணைத்து இதை அறிமுகப்படுத்தினார்.

வெள்ளியின் கதை அதற்கும் மூத்தது. 1880களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு, பார்வையைப் பறித்த தொற்றைத் தடுத்தார். 1889இல் அமெரிக்கரான கேரி லீ மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் கரைசலைத் தயாரித்தார். இன்று அவற்றை நானோ துகள்கள் என்போம்.

பிறகு பெனிசிலின் வந்தது, வெள்ளி ஓரங்கட்டப்பட்டது. ஆனால் தவறாகப் பயன்படுத்தினால் கிருமிகள் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும் என்று 1945லேயே, நோபல் உரையில், அலெக்சாண்டர் ஃபிளெமிங் எச்சரித்தார். அதுதான் நடந்தது.

இனி இரண்டையும் சேர்ப்பதில் என்ன லாபம் என்று பார்ப்போம். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு ஒன்று உண்டு. என் துறையில் சொன்னால், அது ஒரு ஃபயர்வால். வான்கோமைசின் போன்ற பெரிய மூலக்கூறு அதைத் தாண்டாது. வெள்ளி அயனிகள் அந்தச் சவ்வைத் தளர்த்தினால் மருந்து உள்ளே நுழைகிறது என்று 2013இல் பாஸ்டனில் ஜேம்ஸ் காலின்ஸின் குழு காட்டியது; எலிகளிலும் சோதித்தது. நானோ துகள்கள் அந்த அயனிகளைச் சிறிது சிறிதாக வெளிவிடும். அதனால்தான் பல ஆய்வகங்கள் அவற்றை மருந்துகளோடு சேர்த்துப் பார்க்கின்றன.

ஆனால் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. 1975இல் அதே பாஸ்டனில், தீக்காயப் பிரிவு ஒன்றில் பரவிய சால்மோனெல்லா கிருமி வெள்ளி நைட்ரேட்டுக்கும் அசையவில்லை. குளோராம்பெனிக்கால், ஆம்பிசிலின் மருந்துகளுக்கும் அசையவில்லை. அந்த எதிர்ப்புக்கான மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை என்பதும் தெரியவந்தது. நாம் இரண்டு பூட்டுப் போட்டால், கிருமியும் இரண்டு சாவி தேடுகிறது.

இன்று வியர்வை நாற்றத்தைத் தடுக்க, விளையாட்டு உடைகளிலும் காலுறைகளிலும்கூட வெள்ளி நானோ துகள்களைச் சேர்த்து விற்கிறார்கள். அடுத்த முறை அப்படி ஒன்றைக் கடையில் எடுக்கும்போது யோசியுங்கள். பெனிசிலினை வீணாக்கியதுபோல் வெள்ளியையும் வீணாக்கினால், தீக்காயத்தோடு படுத்திருக்கும் ஒருவருக்கு நாளை என்ன மிஞ்சும்?