வீட்டுப் பயன்பாட்டுப் பற்றவைப்புக் கருவி

வீட்டுப் பயன்பாட்டுப் பற்றவைப்புக் கருவி (வழக்கில் வெல்டிங் மெஷின்) என்பது ஒருமுனை 230 வோல்ட்டு மின்சாரத்தில் இயங்கி, மின்வில்லின் வெப்பத்தால் உலோகத்தை உருக்கி இணைக்கும் கருவியாகும்.

வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றினால் இரும்பு நாற்காலி, கட்டில்களின் கால்கள் இற்றுப்போவது இயல்பு. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்சின் (பின்னர் அசோக் லேலண்டு) எண்ணூர் ஆலை, 1955இல் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலை போன்றவற்றால் வளர்ந்த இப்பகுதியில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. எனினும் சிறு பழுதுகளைப் பொழுதுபோக்காகத் தாமே சரிசெய்ய விரும்புவோரும் உளர்.

தேர்வில் முதன்மையானது குழாயின் தடிப்பு. அறைகலன் குழாய்கள் பெரும்பாலும் 1 முதல் 1.6 மி.மீ. தடிப்பே உடையவை. 2.5 மி.மீ. ராடு ஏறத்தாழ 60 முதல் 90 ஆம்பியர் வேண்டுவதால், பழகாதவர் கையில் குழாய் ஓட்டையாகிவிடும். ஆகவே பெட்டியின்மேல் அச்சிட்ட '200 ஆம்பியர்' என்பதைவிட, 40 ஆம்பியரிலும் மின்வில் அணையாது நிற்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2 மி.மீ. ராடுடன் அத்தகைய இன்வெர்ட்டர் கருவி தொடக்கநிலையினருக்குப் போதுமானது. மெல்லிய கம்பியைத் தானே ஊட்டும் மிக் முறை மெல்லிய தகட்டுக்கு மேலும் உகந்தது. ஆயினும் மொட்டைமாடியில் கடற்காற்று அதன் காப்பு வாயுவைக் கலைத்துவிடும், இணைப்பில் துளைகள் விழும். எம்முறையாயினும் துருவை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து நீக்குதல் வேண்டும்.

கருவியை நில இணைப்புள்ள 15 ஆம்பியர் பொருத்துவாயில் மட்டுமே இணைக்க வேண்டும். வியர்வையில் நனைந்த கையுறையுடன் ராடு மாற்றுவது மின்னதிர்ச்சிக்கு வழிவகுக்கும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயைப் பற்றவைக்கையில் எழும் புகை, சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலை உண்டாக்கக்கூடும்; பூச்சை முன்னரே அகற்றிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் பணியாற்றுவர்.